தும்பு காய்ந்த திங்கட்கிழமை

“உனக்கு எழுத வாசிக்கத் தெரியுமா, புள்ள?”

தேங்காய் மில்லுக்கு வேலை கேட்டுப் போன அன்று கங்காணி ஜெயராஜா செசீலியாவிடம் கேட்ட கேள்வி அது. அவள் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

பச்சைப் பொய். ஏழாம் வகுப்பு வரை படித்தவள். அவள் எழுத்து அச்சில் போட்டது போல இருக்கும். வாய்தான் சிக்கல். வகுப்பில் எழும்பி நின்று பாடத்தை வாசி என்றால் தொண்டையில் யாரோ கை வைத்த மாதிரி ஆகிவிடும். ஒருநாள் அப்படி நின்றாள், நின்றாள், மணி அடிக்கும் வரைக்கும் நின்றாள். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து ஓய்ந்து போனார்கள். அடுத்த நாள் முதல் அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மில்லிலும் எழுதத் தெரிந்த பெண்களை நிறுவைக் கொட்டிலில் நிறுத்தி, வண்டிக்காரர் முன்னால் நிறையைக் கூவிச் சொல்லச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். கூவுவதை விடத் தேங்காய் சீவுவது மேல்.

வாய்க்குள் விழுங்கியதெல்லாம் எழுதுகிற கொப்பிக்குள் போயிற்று. பதினாறு வயதுக்குள் மூன்று கொப்பி முடிந்து நாலாவது ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தவை வீட்டில் நெல்லுப் பெட்டிக்கு அடியில் கிடந்தன. நாலாவது, மத்தியானச் சோற்றோடு பன்பையில் அவளுடன் மில்லுக்கு வந்து போகும். யார் என்ன சொன்னார், தான் என்ன பதில் சொல்லியிருக்கலாம், எந்த நாள் எது பழுதாயிற்று எல்லாம் அதில் இருந்தன. கங்காணியின் மீசை நனைந்த ஆட்டு வால் போல இருக்கிறது என்பதும் இருந்தது.

மில், தன்னாமுனைக்கும் ஏறாவூருக்கும் நடுவில் வாவியைப் பார்த்தபடி நின்றது. சிரட்டை கழற்றிய தேங்காய்கள் முழுசு முழுசாக, வெள்ளையும் கறுப்புமாக, நீண்ட பெல்ட்டில் ஏறி வரும். இரண்டு பக்கமும் பெண்கள் இருந்து, காயை எடுத்துக் கறுத்த தோலைச் சீவித் தொட்டியில் போடுவார்கள். காய் உருண்டு கீழே விழாமல் பெல்ட்டின் இரண்டு கரையிலும் நீளத்துக்கு இரும்புச் சட்டம் ஓடியது. பெண்கள் அதைக் கரைச்சட்டம் என்பார்கள். முழத்துக்கு ஒரு கால்; காலுக்கு ஒரு போல்ட், ஒரு நட்டு.

மெஷின் ஓடும்போது நிலமே நடுங்கும். அந்த நடுக்கத்தில் நட்டு தானாகக் கழன்று வரும். கழலாமல் பிடிக்க நட்டுக்கு அடியில் வில்லு வாசர் என்ற இரும்பு வளையம் போடவேண்டும். உலக யுத்தம் தொடங்கியதோடு கொழும்பிலிருந்து வாசர் வருவது நின்றுபோயிற்று. இருந்த வாசர்கள் உடைந்து முடிந்ததும் மில்லில் மெஷின் பழுது பார்க்கிற பிற்றர் கனகசிங்கம் தன் கைவேலையைக் காட்டினார். அவர் நாவற்குடாக்காரர், தகப்பன், பாட்டன் எல்லாரும் தோணி கட்டியவர்கள். பலகை இடுக்கில் தும்பு அடித்துத் தண்ணீரை மறிக்கிறது போல, போல்ட்டின் புரியில் தென்னந்தும்பைச் சுற்றி அதன் மேல் நட்டை ஏற்றி இறுக்கினார்.

“தண்ணி பட்டாத் தும்பு ஊதும். ஊதிட்டா யானை வந்து இழுத்தாலும் அசையாது,” என்றார்.

உண்மைதான். தேங்காய்த் தண்ணீரும் கழுவுகிற தண்ணீரும் நாள் முழுக்கத் தெறித்துக்கொண்டே இருந்தன. சனிக்கிழமை பின்னேரம் மில் பூட்டுமுன் ஒவ்வொரு நட்டையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அவர் சைக்கிளில் ஏறுவார். ஞாயிறு மில் ஓடாது.

நாற்பத்து மூன்றாம் ஆண்டு வைகாசிக் கடைசியில், கச்சான் என்கிற வறண்ட காற்று தொடங்கிய பிறகு, சட்டம் கழன்று காய்கள் தரையில் உருளத் தொடங்கின. முதலில் எல்லாரும் சிரித்தார்கள்.

“தேங்காயும் வேலைக்கு வரமாட்டன் எண்டு ஓடுது பாருங்க,” என்றாள் நஸீறா. செசீலியாவுக்குப் பக்கத்தில் இருந்து சீவுகிற ஏறாவூர்க்காரி. புருசனைப் பறிகொடுத்து இரண்டு வருடம். வாயை மட்டும் யாருக்கும் பறிகொடுக்காதவள்.

கங்காணி சிரிக்கவில்லை. “ஞாயித்துக்கிழம திண்டுட்டுப் படுக்கிறது, திங்கக்கிழம வந்து தூங்குறது. சட்டத்தில சாய்ஞ்சு சாய்ஞ்சு கழட்டுறீங்க,” என்று வரிசை நெடுக ஏசிக்கொண்டு போனார்.

ஆடி பிறக்கச் சில நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில், மெஷின் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கடைசிக் காலின் நட்டு கழன்று விழுந்தது. சட்டத்தின் முனை உள்ளே சரிந்து பெல்ட்டில் மாட்டி, வளைந்து, சடாரென்று வெளியே அடித்தது. அங்கே காய்களைத் தள்ளி விட்டுக்கொண்டிருந்தவள் றோசம்மா. இடக்கை விரல் இரண்டு சட்டத்துக்கும் காலுக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்கிப் போயின.

அன்று பின்னேரம் செசீலியா கொப்பியில் அதை எழுதினாள். எழுதிவிட்டு முன் பக்கங்களைப் புரட்டினாள். திகதிகளுக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை றோசம்மா பட்டணத்து ஆசுப்பத்திரியிலிருந்து கட்டுப் போட்ட கையோடு நேரே மில்லுக்கு வந்தாள். இரண்டு பிள்ளைகள், சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

“ஐயா, வலக்கை நல்லாத்தான் இருக்கு. காயப் பாத்துத் தரம் பிரிக்க விட்டீங்களெண்டாச் செய்வன்,” என்றாள் கங்காணியிடம்.

“செய்வாய், செய்வாய். அதுக்கு முதல் நடந்ததுக்கு ஒரு தாள் எழுத வேணும். கந்தோருக்கு வா. சாட்சிக்கு ரெண்டு பேர் கூட வரட்டும்.” கங்காணி வரிசையைப் பார்த்தார். கையெழுத்துப் போடத் தெரிந்த பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் விரல் அவர்களைத் தாண்டி வந்து நின்றது. “நஸீறா, நீ வா. ஊமைப் பிள்ளை, நீயும் வா.” செசீலியாவுக்கு மில்லில் அதுதான் பெயர்.

கந்தோர் என்கிற அலுவலக அறையின் மேசையில் தாளும் மைப்பெட்டியும் ஆயத்தமாக இருந்தன. பேனையும் மைக்கூடும் ஒரு பக்கம். கங்காணி தாளைக் கையில் எடுத்து வாசித்தார். “‘திங்கட்கிழமை காலையில் சட்டம் கழண்டு என்ட கையில் பட்டுக் காயம். மில்லில வேற வேலை தரும்படி கேட்டுக்கொள்ளுறன்.’ அவ்வளவுதான். றோசம்மா, வை பெருவிரல.”

றோசம்மா கும்பிட்டுவிட்டுப் பெருவிரலை வைத்தாள். நஸீறாவும் வைத்தாள். தாள் செசீலியா பக்கம் திரும்பியது.

அவள் குனிந்தாள். குனிந்த தலை அப்படியே நின்றது. தாளில் வேறு வேலை என்ற பேச்சே இல்லை. ‘நான் கதைத்துக்கொண்டிருந்து விளையாட்டாக நட்டைக் கையால் திருகினேன். சட்டம் கழன்றது என் பிழை. இன்றோடு என் சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு நிற்கிறேன்’ என்று இருந்தது.

“என்ன பார்க்கிறாய்? படம் கீறியா இருக்கு? வை,” என்றார் கங்காணி.

மைப்பெட்டியைத் தாண்டிப் போனது அவள் கை. பேனையை எடுத்து மையில் தோய்த்து, இரண்டு பெருவிரல் அடையாளங்களுக்கும் கீழே, உருண்டை உருண்டையாக எழுதினாள். ஓர் எழுத்து மட்டும் கோணிப் போயிற்று. எழுதி முடித்துத் தன் முழுப் பெயரையும் போட்டாள்.

கங்காணி அதைப் பார்த்தார். முகம் செங்கல் நிறமாயிற்று. “எழுதத் தெரியாதெண்டு சொன்னியேடி, களவாணி!” என்று போட்ட சத்தத்தில் உள்ளறைக் கதவு திறந்தது.

மனேச்சர் வெளியே வந்தார். பறங்கித் துரை. தமிழைத் தண்ணீர் போலப் பேசுவார்; ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. தாளை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். “என்ன சத்தம்? இதில என்ன எழுதியிருக்கு?”

“ஒண்டுமில்ல துரை, இந்தப் பெட்டை கிறுக்கிப்போட்டா. நான் வாசிக்கிறன்...”

“கிறுக்கினவள் வாசிக்கட்டும்.” துரை தாளைச் செசீலியாவிடம் நீட்டினார்.

பழைய கை வந்து தொண்டையைப் பிடித்தது. வகுப்பறைச் சிரிப்பும் வந்தது. அவள் றோசம்மாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு வாசித்தாள். முதல் வரி அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாவது வரியில் குரல் வந்தது. கங்காணி எழுதியதை முழுக்க வாசித்து, அதற்குக் கீழே தான் எழுதியதையும் வாசித்தாள்: “‘மேலே எழுதியது பொய். வாசித்துக் காட்டியது ஒன்று, எழுதியிருப்பது ஒன்று.’”

“அல்லாவே!” நஸீறா தன் மைப் பெருவிரலைச் சேலையில் தேய்த்தாள். “பொய்க்கா நான் விரல் வச்சன்? ஐயா, நீங்க வாசிச்சது எந்தத் தாள்? மீசைக்குள்ள ஒளிச்சு வச்ச தாளா?”

றோசம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“துரை, சட்டம் தானாக் கழருமா? கனகசிங்கம் சனிக்கிழமை சனிக்கிழமை இறுக்கிறவர். கூப்பிட்டுக் கேளுங்க,” என்றார் கங்காணி.

கனகசிங்கம் கையில் ஸ்பனரோடு வந்தார். “ஓம் துரை, ஒரு நட்டு விடாம இறுக்கிறனான். என்ட கை இறுக்கினது கழண்டதில்ல,” என்றார். சொல்லும்போது அவர் றோசம்மாவைப் பார்க்கவில்லை.

“கழருது அண்ணன்.” செசீலியா பன்பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். சோற்று மணம் அடித்தது.

“என்ன அது? தா இங்க,” என்று துரை கையை நீட்டினார்.

கொப்பி அவள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. “தரமாட்டன். வாசிக்கிறன்.”

துரையிடம் அப்படி யாரும் சொல்லி அந்தக் கந்தோர் கேட்டதில்லை. நீட்டிய கையை அவர் மெல்ல எடுத்துக்கொண்டார்.

“ஜூன் ஏழு, திங்கள். சட்டம் கழண்டது. பதினாலு, திங்கள். கழண்டது. பதினாறும் பதினேழும் பொயிலர் கழுவ மில் பூட்டினீங்க. பதினெட்டு, வெள்ளி, திறந்த உடனே கழண்டது. அண்டைக்கு நாங்க ஞாயித்துக்கிழம திண்டுட்டு வரல்ல. இருபத்தொண்டு, திங்கள். கழண்டது. இருபத்தேழு, ஞாயிறு, மழை. கூரை ஒழுகி மில்லுக்குள்ள தண்ணி நிண்டது. இருபத்தெட்டு, திங்கள்...” அவள் நிமிர்ந்தாள். “ஒண்டும் நடக்கல்ல. ஜூலை அஞ்சு, திங்கள். றோசம்மாக்காட கை.”

செசீலியா கனகசிங்கத்தைப் பார்த்துச் சொன்னாள். “அண்ணன், தோணியக் கரையில ஏத்தி ரெண்டு நாள் கச்சான்ல காயப் போட்டுட்டு மறுகா தண்ணியில தள்ளினா என்ன நடக்கும்?”

வாவிக்கரையில் பிறந்த எவருக்கும் அதற்குப் பதில் தெரியும். இடுக்கில் அடித்த தும்பு காய்ந்து சுருங்கி, தோணிக்குள் நாலு பக்கமும் தண்ணீர் ஊறும். ஊதிய தும்பில் நட்டை இறுக்கிவிட்டுப் போனவர் கனகசிங்கம். தண்ணீரில் கிடக்கிற தோணிக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை, மில்லுக்கு இருக்கிறது; அந்த ஒரு நாளில் தும்பு காய்ந்துவிடும். அவர் கையிலிருந்த ஸ்பனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெறும் கதை,” என்றார் கங்காணி. “தோணியும் மில்லும் ஒண்டா?”

“திங்கக்கிழம காலையில, மெஷின் தொடங்க முன்னம், நீங்களே வந்து நட்டத் தொட்டுப் பாருங்க துரை.”

“நட்டு இறுக்கமா இருந்தா?” என்றார் துரை.

“றோசம்மாக்காவோட நானும் போறன்.”

“மூண்டாவது ஆளா என்னையும் சேத்துக்கங்க,” என்றாள் நஸீறா. “இவ போனா எனக்குப் பக்கத்தில இருந்து பேசாம இருக்க ஆர் இரிக்கா?”

கனகசிங்கம் அன்று பின்னேரமும் வழக்கம் போல இறுக்கினார். மில் பூட்டப்பட்டது. சாவி கங்காணியிடம்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் செசீலியா முழங்காலில் நின்றாள். காது மட்டும் வெளியில் இருந்தது. கச்சான் விசிறி அடித்தது. தென்னோலைகள் ஒன்றோடொன்று உரசின. நல்ல காற்று, காயவைக்கிற காற்று. பின்னேரம் வாவிக்கு மேல் ஒரு கறுத்த மேகம் வந்து நின்றது. முற்றத்தில் நாலு துளி விழுந்து புழுதியில் குழி போட்டன. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு மேகத்தை முறைத்தாள். வேண்டிக்கொள்வதற்கும் சண்டை பிடிப்பதற்கும் நடுவில் ஏதோ ஒன்றை அதற்குச் சொன்னாள். மேகம் அசைந்து கடல் பக்கம் போயிற்று.

திங்கட்கிழமை பெண்கள் எல்லாரும் வெள்ளெனவே வந்துவிட்டார்கள். றோசம்மாவும் வந்திருந்தாள். கங்காணி அவர்களுக்கு முன்பே வந்து மில்லைத் திறந்து வைத்திருந்தார். துரை கனகசிங்கத்தோடு வந்து பெல்ட்டின் வாவிப் பக்கம் போனார். “பார்.”

கனகசிங்கம் கடைசிக் காலின் நட்டில் விரலை வைத்துத் திருகினார். அசையவில்லை. அடுத்தது. அதுவும் அசையவில்லை. மூன்றாவதும் அப்படியே.

“பாத்தீங்களா துரை?” கங்காணியின் மீசை விரிந்தது. “மூண்டு பேரும் இண்டைக்கே...”

மேகத்தை வென்றவள் இங்கே தோற்கிறாளா? செசீலியா கண் கலங்கக் குனிந்தாள். குனிந்த இடத்தில் தரை பளபளத்தது. சட்டக் காலிலிருந்து ஒரு துளி இறங்கி வந்து சொட்டியது. கதவு மூலையில் ஒரு வாளி இருந்தது. அதன் அடியும் ஈரம்.

நஸீறாவும் பார்த்துவிட்டாள். “ஏன் ஐயா, நேத்து ஊரெல்லாம் காய்ஞ்சு கிடந்திச்சே. மில்லுக்குள்ள மட்டுமா மழை பெஞ்சிச்சு?”

“பெல்ட்டுக் கழுவினனான். அழுக்காக் கிடந்தது,” என்றார் கங்காணி.

“ஒரு நாளும் வாளி தொடாத கை!” என்றாள் நஸீறா. பெண்கள் வரிசையில் சிரிப்பு ஓடியது.

“மற்றப் பக்கம் நனையல்ல,” என்றாள் செசீலியா. இந்தத் தடவை குரல் முதல் சொல்லிலேயே வந்தது. “அதத் தொட்டுப் பாருங்க.”

கங்காணி அவசரத்தில் வாவிப் பக்கத்தோடு நிறுத்தியிருந்தார். கனகசிங்கம் பெல்ட்டைச் சுற்றி மற்றப் பக்கம் போனார். இரண்டு விரலால் தொட்டார். நட்டு தானாகச் சுழன்றது. அதைக் கழற்றி, புரியிலிருந்து தும்பை உரித்து எடுத்தார். சருகு போல மொறுமொறுத்தது. துரையின் உள்ளங்கையில் அதை வைத்தார்.

“என்ட பிழை துரை,” என்றார். “தும்ப நம்பினது என்ட பிழை. சனிக்கிழமை இந்தப் புள்ள கேட்ட நேரமே சொல்லியிருக்க வேணும். மானம் விடல்ல.” பிறகு றோசம்மாவின் பக்கம் திரும்பினார். திரும்பிய பிறகுதான் மீதியைச் சொன்னார். “பின் கொட்டில்ல ஓடாத பழைய பெல்ட் ஒண்டு கிடக்கு. அதில நூறு நட்டு இருக்கு. நட்டுக்கு மேல இன்னொரு நட்டு ஏத்தி இறுக்கினா ரெண்டும் ஒண்ட ஒண்டு பிடிச்சிக்கும், வாசரும் வேணாம், தும்பும் வேணாம். போன மாசமே கங்காணியாரிட்டக் கேட்டனான். பழைய பெல்ட்டத் தொடப்படாது எண்டவர்.”

துரை கங்காணியைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி. அது பின்னேரம் பாப்பம். லொறி வரப்போகுது. மெஷினைத் தொடங்கு.”

பெண்கள் கத்திகளைப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை, போகவும் இல்லை. எல்லாருடைய கண்ணும் ஊமைப் பிள்ளையின் மேல் வந்து நின்றது.

“ஏலா துரை,” என்றாள் செசீலியா. “ரெட்டை நட்டுப் போட்டு முடிஞ்ச பிறகுதான் நாங்க இருப்பம். லொறி நிக்கட்டும். அதுக்கு விரல் இல்ல.”

“உங்கள வேலையால நிறுத்திவிட எனக்கு எவ்வளவு நேரம் செல்லும், தெரியுமா?” என்றார் துரை.

“தெரியும். அதையும் எழுதுவன்.”

துரை கையிலிருந்த தும்பை நசுக்கினார். அது பொடிந்து கொட்டியது. “கனகசிங்கம், பழைய பெல்ட்டைக் கழட்டு,” என்றார் கடைசியில்.

இரண்டு மணித்தியாலம் பெண்கள் நிலத்தில் குந்தியிருந்தார்கள். வெற்றிலைப் பை கைமாறியது. கனகசிங்கம் காலுக்குக் கால் பழைய தும்பை உரித்துப் போட்டு, நட்டுக்கு மேல் நட்டு ஏற்றி, இரண்டு ஸ்பனரால் எதிரும் புதிருமாக முறுக்கினார். ஒவ்வொன்றையும் நஸீறா எழும்பிப் போய்த் திருகிப் பார்த்துவிட்டு, “இது கலியாணம் முடிச்ச மாதிரி இரிக்கி,” என்று சொல்லி வந்தாள்.

வேலை முடிந்ததும் துரை றோசம்மாவைக் கூப்பிட்டார். “தரம் பிரிக்கிற மேசையில போய் இரு.” சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார், சனிக்கிழமைத் தாள். அதை அவளிடம் கொடுத்தார். றோசம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் செசீலியாவிடம் நீட்டினாள். “நீ வச்சுக்க மகள். உன்ட கொப்பிக்குள்ள கிடக்கட்டும்.”

மெஷின் தொடங்கியது. நிலம் நடுங்கியது. கரைச்சட்டம் நடுங்கவில்லை. முதல் காய் உருண்டு வந்து சட்டத்தில் முட்டி, நேராகிப் போயிற்று.

கங்காணி ஜெயராஜா கதவு மூலையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சொல்ல ஆயிரம் இருந்திருக்கும். வரிசையில் ஒருத்திகூட அவர் பக்கம் திரும்பவில்லை. குனிந்து அந்த ஈர வாளியை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல ஒரு கணம் நின்றார். பிறகு வாளி காலில் இடிக்க இடிக்க, வாவிக்கரைப் பாதையால் போனார்.